கரடிப்போக்குச் சந்தியில் ஒரு பழைய கணினி: மூன்று போகங்களுக்குப் பிறகு கிட்லாப் பற்றி

பற்றுச்சீட்டைக் கையில் பிடித்தபடி அந்தப் பெரியவர் தராசடியில் நின்றார். ஆயிரம் கிலோ நெல், ஈரப்பதன் 17 சதவீதம். ஆலை வாசல் கரும்பலகையில் விதி தெளிவாக எழுதியிருந்தது: 14 சதவீதத்துக்கு மேல் கூடும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு. அப்படியென்றால் முப்பது கிலோ கழிய வேண்டும். எங்கள் மென்பொருள் அச்சடித்த சீட்டில் 34.9 கிலோ கழிந்திருந்தது.

"பிள்ளை, முப்பதுதானே கழிக்க வேண்டும்? இது முப்பத்தைந்துக்குக் கிட்டக் கழித்திருக்கிறது" என்றார். அவர் கையில் பேனையும் இல்லை, கடதாசியும் இல்லை. அவருக்குப் பின்னால் வேலியோரமாக உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் நெல்.

பிழை என்னுடையது. அந்த நாட்களில் எங்கள் நெல் கொள்வனவு மென்பொருளுக்கு வாடிக்கையாளருக்கு ஒரு கிளை (நிரலின் தனியாக வளரும் ஒரு பிரதி) என்று வைத்திருந்தோம். கிளிநொச்சி ஆலைக்கு ஒன்று, வவுனியா ஆலைக்கு ஒன்று, மன்னாருக்கு ஒன்று. வவுனியா ஆலை உலர் எடையை வைத்துக் கணக்கிடும் முறையைக் கேட்டிருந்தது. ஆயிரம் கிலோவை 83ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் 965.1 கிலோ வரும். அந்த முறையிலும் பிழையில்லை, ஆனால் அது வவுனியாவில் பேசிய பேச்சு. அந்தக் கிளை இரண்டு மாதமாகத் திறந்தே கிடந்தது. அதில் இருந்த ஓர் அச்சுப்பொறித் திருத்தம் கிளிநொச்சிக்கும் தேவைப்பட்டதால், இரவு பதினொரு மணிக்கு இரண்டையும் இணைத்தேன். ஒரு கோப்பில் முரண்பாடு காட்டியது. எந்தப் பக்கத்தை வைப்பது என்பதில் தவறினேன். கோப்புகளைக் கையாலேயே சேவையகத்தில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்ததும் 61 சீட்டுகள் பிழையாக அச்சாகிவிட்டன. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வித்தியாசத்தைக் கொடுத்து முடிக்க மாலையாகிவிட்டது.

நிரலை இணையத்தில் வைத்துக் குழுவாக வேலை செய்யும் தளம் கிட்லாப். அந்த மாலையில்தான் அதன் தொடர் ஒருங்கிணைப்பை, அதாவது மாற்றம் வரும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் வசதியை, முறையாகப் பயன்படுத்த முடிவெடுத்தோம். அதற்கு முன்னும் கிட்லாப்பில் கணக்கு இருந்தது. நிரலை வைத்துவிட்டு எடுக்கும் களஞ்சியமாக மட்டும் அதை வைத்திருந்தோம். இப்போது மூன்று போகங்கள் முடிந்துவிட்டன. எங்களைப் போல மூன்று, நான்கு பேராக வன்னியில் இருந்து மென்பொருள் செய்பவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் இதன் பிறப்பைப் பற்றி ஒரு சொல். 2011இல் உக்ரைனில் டிமிட்ரி ஸப்பரோஷெட்ஸ் என்ற நிரலாளர் கிட்லாப்பைத் தொடங்கினார். அப்போது அவர் வாழ்ந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லை. நாள்தோறும் பொதுக் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தார். குழுவாகச் சேர்ந்து வேலை செய்ய நல்ல கருவி இல்லாததுதான் தண்ணீர் சுமப்பதை விடப் பெரிய பிரச்சினையாக அவருக்குத் தெரிந்ததாம். அடுத்த ஆண்டே தொடர் ஒருங்கிணைப்புக்கான முதல் வடிவத்தையும் அவர்தான் எழுதினார். கிணற்றடிக்குக் குடத்தோடு போய்ப் பழகிய ஊரில் வளர்ந்த எனக்கு, அந்தக் கதையை வாசித்த நாளில் இந்தக் கருவி மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. மதிப்பீடு எழுதும்போது அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

இனி வேலை செய்யும் விதம். களஞ்சியத்தில் யமல் என்ற வடிவில் எழுதிய ஓர் உரைக் கோப்பை வைக்கிறோம். யார் எந்தக் கிளையில் மாற்றத்தை அனுப்பினாலும் என்னென்ன நடக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும்: நிரலைக் கட்டு, சோதனைகளை ஓட்டு, எல்லாம் சரியென்றால் பரீட்சார்த்தச் சேவையகத்தில் ஏற்று. இந்த வரிசைக்குப் பைப்லைன் என்று பெயர். அதை உண்மையில் ஓட்டுவது ரன்னர் என்ற சிறிய நிரல். கிட்லாப் தன்னுடைய ரன்னர்களை இலவசக் கணக்குக்கு மாதம் 400 நிமிடம் தருகிறது. மூன்று பேர் நாளுக்கு நாலு தடவை மாற்றம் அனுப்பினால் அது இரண்டு வாரத்துக்கும் காணாது. அதோடு, புதிய கணக்குக்காரர் அந்த நிமிடங்களைப் பயன்படுத்தக் கடனட்டை போன்ற ஒன்றைக் காட்டித் தன்னை உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். எங்கள் தம்பிகளில் எத்தனை பேரிடம் கடனட்டை இருக்கிறது?

சொந்த ரன்னர்தான் இதற்கு வழி. என் பார்வையில் கிட்லாப்பின் மிகச் சிறந்த பகுதியும் அதுதான். கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் மாடியில் எங்கள் அறை. ஜன்னலோரம் ஒரு பழைய மேசைக் கணினி, எட்டு ஜிபி நினைவகம். அரச அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட கணினிகள் ஏலத்தில் வந்தபோது வாங்கியது. உபுண்டுவைப் போட்டு, ரன்னரை நிறுவி, பதிவு செய்தோம். அரை மணி நேரம்கூட எடுக்கவில்லை. அதில் ஓடும் நிமிடங்களுக்குக் கணக்கும் இல்லை, காசும் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று இருக்கிறது. சேவையகம் ரன்னரைத் தேடி வருவதில்லை. ரன்னர்தான் மூன்று விநாடிக்கு ஒரு தடவை வெளியே போய் "வேலை இருக்கிறதா?" என்று கேட்கிறது. ஆகவே நிலையான முகவரி தேவையில்லை, ரவுட்டரில் வாசல் திறந்து வைக்கவும் தேவையில்லை. வீட்டுக்கு எடுத்த சாதாரண இணைய இணைப்புக்குப் பின்னால் இருந்துகொண்டே உலகத்தில் எங்கோ இருக்கும் சேவையகத்தின் வேலையை இந்தக் கணினி வாங்கிச் செய்கிறது.

டேட்டாவில் கவனம் வேண்டும். ஒவ்வொரு வேலையையும் தனிப் பெட்டிக்குள் வைத்தது போல ஓட்டும் டொக்கர் முறையில் ரன்னரை ஓட்டினால், ஒவ்வொரு வேலைக்கும் முன் அது அந்தப் பெட்டிக்கான அடிப்படைப் படிமத்தை இணையத்தில் சரிபார்த்து, மாறியிருந்தால் மீண்டும் இறக்கும். ரன்னரின் அமைப்புக் கோப்பில், 'கணினியில் இருந்தால் புதிதாகத் தேடாதே' என்ற கொள்கையைப் போட்டுவிட்டால் அந்தச் செலவு நின்றுவிடும். நிரலுக்குத் தேவையான சார்பு நூலகங்களைக் கேஷில் (கணினியிலேயே சேமித்து) வைப்பதும் அப்படித்தான். இவ்விரண்டையும் செய்த பிறகு, பதினொரு நிமிடம் எடுத்த எங்கள் பைப்லைன் நாலரை நிமிடத்துக்கு வந்தது. ஒரே நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்வேன் என்ற இயல்பு அமைப்பையும் இரண்டாக்கினோம். எட்டு ஜிபிக்கு அதற்கு மேல் தாங்காது.

மின்தடை பற்றிச் சொல்லாமல் வன்னியில் எந்தக் கணினியைப் பற்றியும் எழுத முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. இப்போது அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் மழைக்காலத்தில் மின்சாரம் போய்த்தான் வருகிறது. ரன்னர் இடையில் அணைந்தால் வேலை தோல்வி என்று காட்டும். சோதனை பிழைத்ததால் வந்த தோல்விக்கும் இயந்திரம் அணைந்ததால் வந்த தோல்விக்கும் வித்தியாசம் காட்டி, இரண்டாவது வகையை மட்டும் இரண்டு தடவை தானாக மீள ஓட்டும்படி யமல் கோப்பில் எழுத முடியும். எழுதி வைத்திருக்கிறோம். மின்சாரம் வந்ததும் கணினி தானாக எழும்படி பயாஸில் மாற்றினோம். இப்போது காலையில் அறையைத் திறக்கும்போது, இரவு நின்று போன வேலைகள் பச்சைக்குறியோடு முடிந்திருக்கும்.

கிளைகள் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். உண்மையான மாற்றம் நடந்ததும் அங்கேதான்.

கிட்லாப்புக்கு அடிப்படை, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி. அது வந்தது 2005இல், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கையால். அதன் பிறகு கிளை போடுவது ஒரு விநாடி வேலையாகிவிட்டது. எளிதாகிவிட்டதால் எல்லோரும் கண்டபடி போட்டார்கள். 2010இல் வின்சென்ட் டிரீசன் எழுதிய கிட்-ஃப்ளோ முறை, மெயின் என்ற முதன்மை நிரலுக்கு ஒன்று, வளர்ச்சிக்கு ஒன்று, அம்சத்துக்கு, வெளியீட்டுக்கு, அவசரத் திருத்தத்துக்கு என்று கிளைகளை வகுத்துத் தந்தது. நானும் வவுனியாவில் படித்த காலத்தில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பழகினேன். பத்து ஆண்டு கழித்து அவரே அந்தக் கட்டுரையின் மேலே ஒரு குறிப்பு எழுதினார்: அடிக்கடி வெளியிடும் இணையச் செயலிகளுக்கு இதைவிட எளிய முறை போதும் என்று. தான் எழுதியதைத் தானே திருத்தும் அந்த நேர்மை பெரிய விடயம்.

இப்போது எங்களிடம் நிரந்தரமாக இருப்பது மெயின் ஒன்றுதான். புதிய வேலைக்குக் கிளை போட்டால் இரண்டு நாளுக்குள் அது மெயினுக்குத் திரும்ப வேண்டும். திரும்ப முடியாத அளவு பெரிய வேலை என்றால் துண்டாக உடைக்கிறோம். முடியாத அம்சத்தை, வேண்டும்போது போட்டு அணைக்கும் ஓர் ஆளிக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டே இணைக்கிறோம். வாடிக்கையாளர் கிளைகள் மூன்றையும் மூடிவிட்டோம். ஈரப்பதன் கணக்கு எந்த முறை என்பது இன்று ஆலைக்கு ஆலை மாறும் ஓர் அமைப்பு, தரவுத்தளத்தில் ஒரு வரி. வேறுபாட்டைக் கிளையில் வைத்தால் ஒவ்வொரு இணைப்பிலும் அது நழுவிப் போகலாம். அமைப்பில் வைத்தால் இரண்டு முறைகளையும் ஒரே பைப்லைனில் சோதிக்க முடிகிறது. சோதனைத் தொகுப்பின் முதல் சோதனைக்குப் பெயர் 'முப்பது கிலோ'. கிளிநொச்சி அமைப்பில் ஆயிரம் கிலோ, 17 சதவீதம் கொடுத்தால் விடை 970 வர வேண்டும். வவுனியா அமைப்பில் 965.1. இரண்டில் ஒன்று பிசகினாலும் இணைப்புப் பொத்தான் திறக்காது.

மெயின் கிளையைப் பாதுகாக்கப்பட்ட கிளையாக வைத்திருக்கிறோம். நான் உட்பட யாரும் நேரடியாக அதற்குள் எழுத முடியாது. இணைப்புக் கோரிக்கை போட்டு, பைப்லைன் பச்சையானால்தான் உள்ளே போகும். இந்த இரண்டும் இலவசக் கணக்கிலேயே கிடைக்கின்றன.

வெளியீட்டுக்கு மட்டும் மெயினில் இருந்து ஒரு கிளை எடுக்கிறோம், 2.4 வெளியீடு என்பது போல. அது அறுவடைக்கான ஏற்பாடு. காலபோக நெல் வெட்டத் தொடங்கியதும் ஆலைகளில் புதிய அம்சம் எதுவும் ஏறக்கூடாது. மெயினில் வேலை நடந்துகொண்டே இருக்கும், ஆலைகளில் ஓடுவது 2.4 மட்டும். வழு வந்தால் எங்கே திருத்துவது என்ற கேள்வியில்தான் புதிதாகச் சேர்ந்த தம்பி தடுமாறினான். அவன் முள்ளியவளைக்காரன், வயல்காரக் குடும்பம். இரணைமடுவை வைத்துச் சொன்னேன்.

"குளத்துத் தண்ணீர் எப்படி வருகிறது தம்பி?"

"துருசைத் திறந்தால் பெரிய வாய்க்காலுக்கு வரும், அதிலிருந்து கிளை வாய்க்காலுக்கு, பிறகு வயலுக்கு, அக்கா."

"வயலில் இருந்து குளத்துக்கு ஏறுமா?"

அவன் சிரித்தான். திருத்தமும் அப்படித்தான். முதலில் மெயினில் திருத்தி, அங்கே சோதனை தேறிய பிறகு, அந்த ஒரு கமிட்டை (பதிந்த மாற்றத்தை) மட்டும் செரி-பிக் செய்து, அதாவது தனியாகப் பொறுக்கி எடுத்து, வெளியீட்டுக் கிளைக்கு இறக்குகிறோம். அவசரத்தில் வெளியீட்டுக் கிளையில் மட்டும் திருத்திவிட்டு மெயினை மறந்தால், அடுத்த வெளியீட்டில் அதே வழு திரும்பி வரும். கிட்லாப்பின் சொந்த ஆவணமும் இந்த ஒழுங்கையே சொல்கிறது. இணைத்து முடிந்த கோரிக்கையின் பக்கத்திலேயே செரி-பிக் பொத்தானும் இருக்கிறது. எந்தக் கிளைக்கு என்று கேட்டு, புதிய கோரிக்கையையும் திறந்து தருகிறது. கட்டளை வரிக்குப் பழகாத பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

வெளியீட்டுக் கிளையில் 2.4.1 என்று டேக் (பதிப்புக் குறி) வைத்தவுடன் வெளியீட்டுப் பைப்லைன் ஓடும். கட்டும், சோதிக்கும், பரீட்சார்த்தச் சேவையகத்தில் ஏற்றும். பிறகு நிற்கும். ஆலைச் சேவையகத்தில் ஏற்றும் கடைசிப் படியை ஒரு மனிதர் அழுத்தினால்தான் நடக்கும் என்று வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். முழுவதையும் தானாக விடலாம், பெரிய நிறுவனங்கள் அப்படிச் செய்கின்றன. தராசில் பெட்டி ஏறி நிற்கும் நேரத்தில் மென்பொருள் மாறக்கூடாது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. ஆலைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, "ஐயா, இப்போது தராசு சும்மா இருக்கிறதா?" என்று கேட்ட பிறகுதான் அழுத்துகிறோம். ஒரே நேரத்தில் இரண்டு ஏற்றல்கள் மோதாமல் இருக்க, அந்தப் படிக்கு வளக்குழு என்ற பூட்டையும் போட்டிருக்கிறோம். நீங்களும் அதைச் செய்து வையுங்கள்.

போன மாசி மாதம் வவுனியாவில் இருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஓமந்தை தாண்டும்போது ஆலையில் இருந்து அழைப்பு: சம்பா நெல்லின் பெயர் சீட்டில் பாதியில் வெட்டுப்படுகிறது. வட்டக்கச்சித் தங்கச்சி அறையில் இருந்தாள். அவள் திருத்தி, கோரிக்கை போட்டு, மெயினில் பச்சையாகி, செரி-பிக் ஆகி, டேக் வைத்தபோது பஸ் மாங்குளத்தில் நின்றது. ஏ9 வீதியோரம் சோளப்பொத்தி விற்பவர்கள் ஜன்னலடிக்கு வந்துவிட்டார்கள். கைத்தொலைபேசியில் மாற்றத்தைப் பார்த்தேன். மூன்று வரி. ஆலைக்கு அழைத்துக் கேட்டேன். பொத்தானை அழுத்தினேன். பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடிக்கு வந்து எல்லோரும் இறங்கிக் கற்பூரம் கொளுத்தும்போது, புதிய சீட்டின் படத்தை ஆலைக்காரர் அனுப்பியிருந்தார். பெயர் முழுவதாக இருந்தது. மூன்று போகங்களுக்கு முன்பு இதே வேலைக்கு நான் பாதி வழியில் மடிக்கணினியைத் திறந்து, இணைப்புக் கிடைக்காமல் தவித்திருப்பேன்.

குறைகளும் உண்டு. பைப்லைனின் மொழி எளிதல்ல. யமலில் ஓர் இடைவெளி தவறினால் பொருளே மாறிவிடும். எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று எழுதும் விதிகளைச் சரியாக எழுதாவிட்டால், கிளைக்கு ஒன்று, இணைப்புக் கோரிக்கைக்கு ஒன்று என்று ஒரே மாற்றத்துக்கு இரண்டு பைப்லைன்கள் ஓடும். ஆவணத்தில் தீர்வு இருக்கிறது, கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். புதிய திட்டங்களில் ரன்னர் கடைசி இருபது கமிட்டை மட்டுமே இறக்கும் என்பதும் அப்படித்தான். வேகத்துக்கு நல்லது. ஆனால் டேக்கைப் பார்த்துப் பதிப்பு எண்ணை எடுக்கும் நிரல் வைத்திருந்தால், பழைய டேக் அதன் கண்ணுக்குத் தெரியாது. எத்தனை கமிட்டை இறக்குவது என்ற அந்த ஆழத்தைப் பூச்சியமாக மாற்றினால் முழு வரலாறும் வரும். வெளியீட்டு வேலைக்கு மட்டும் அப்படி வையுங்கள், மற்றவற்றுக்கு இருபதே போதும்.

இலவசக் கணக்கில் தனிப்பட்ட குழுவுக்கு ஐந்து பேர்தான் எல்லை. ஆறாவது ஆள் வந்தால் யோசிக்க வேண்டும். இன்னொருவர் ஒப்புதல் தந்தால்தான் இணைக்கலாம் என்று கட்டாயப்படுத்தும் வசதி பணம் கட்டியவர்களுக்குத்தான். பிரீமியம் 2023 முதல் ஆளுக்கு மாதம் 29 டொலர். எங்கள் வருமானத்தில் அது பெரிய காசு. ஆகவே ஒப்புதலை நாங்கள் வாய்ப்பேச்சு ஒழுங்காக வைத்திருக்கிறோம். மூன்று பேர் இருக்கும் அறையில் அது நடக்கிறது. இருபது பேர் என்றால் நடக்காது. இந்த ஒரு வசதியையாவது இலவசக் கணக்குக்குத் தந்திருக்கலாம் என்பது என் மனக்குறை.

கிட்லாப்பையே சொந்தக் கணினியில் நிறுவலாமே என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் எட்டு ஜிபி நினைவகமாவது வேண்டும், காப்புப் பிரதியும் பாதுகாப்புத் திருத்தங்களும் நம் தலையில். வேண்டாம் என்பேன். இதே வேலையைச் செய்யும் ஜென்கின்ஸ் முழுக்க இலவசம், நெடுங்காலம் பழகிய கருவி. ஆனால் அதன் சேவையகத்தையும் செருகுநிரல்களையும் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். கிட்லாப் போன்ற இன்னொரு தளமான கிட்ஹப் தனிப்பட்ட களஞ்சியங்களுக்கு மாதம் 2000 இலவச நிமிடம் தருகிறது. சொந்த ரன்னர் வைக்க இடமோ மின்சாரமோ இல்லாதவர்களுக்கு அதுவே நல்லது.

இன்னொன்றையும் கிட்லாப்பிடம் கற்றோம். 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய பொறியியலாளர் ஒருவர் தவறுதலாக உண்மையான தரவுத்தளத்தை அழித்துவிட்டார். வைத்திருந்த ஐந்து காப்பு முறைகளில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத் தரவு போனது. அவர்கள் அதை மறைக்கவில்லை. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், காரணங்களை எல்லாம் எழுதி வெளியிட்டார்கள். அதை வாசித்த பிறகு எங்களிடம் ஞாயிறு இரவு ஓடும் ஒரு பைப்லைன் இருக்கிறது. ஆலைத் தரவின் கடைசிக் காப்புப் பிரதியை எடுத்து, வெறும் தரவுத்தளம் ஒன்றில் மீட்டு, சீட்டுகளின் எண்ணிக்கையை எண்ணிப் பார்க்கும். முதல் வாரமே சிவப்பு வந்தது. காப்புக் கோப்பு பதினெட்டு நாளாக வெறுமையாக எழுதப்பட்டிருந்தது, யாருக்கும் தெரியாது. தொடர் ஒருங்கிணைப்பை நிரலைச் சோதிக்க மட்டும் வைத்திருந்தால் இது எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது.

தங்கள் வெளியீட்டு நாளை அவர்கள் காத்த விதமும் எனக்குப் பிடிக்கும். பல ஆண்டுகளாக மாதத்தின் 22ஆம் திகதி தவறாமல் புதிய பதிப்பு. 2023 நவம்பரில் இருந்து மூன்றாவது வியாழக்கிழமை. நாங்களும் ஒரு நாள் வைத்தோம். மாதத்தின் முதல் புதன்கிழமை, அறுவடை மாதங்கள் தவிர. முடியாத அம்சம் அடுத்த மாதத்துக்குப் போகும், நாள் மாறாது. இப்படி வைத்த பிறகு ஆலைக்காரர்கள் "எப்போது வரும் பிள்ளை?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நாட்காட்டியில் அவர்களே வட்டம் போட்டிருக்கிறார்கள். மாதாமாதம் மாறுவதில் ஒரு சங்கடம், பட்டியல்களும் பொத்தான்களும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. தம்பிக்கு எழுதிக் கொடுத்த செயல்முறைக் குறிப்பை இரண்டு தடவை திருத்திவிட்டேன்.

போன வாரம் வவுனியாவில் இரண்டாவது ரன்னரை நிறுவினோம், தங்கச்சியின் மாமா வீட்டில், ஒரு பழைய மடிக்கணினியில். வேலையை எந்த ரன்னர் எடுக்கலாம் என்று காட்டும் குறிச்சொல் இரண்டுக்கும் ஒன்றே. இங்கே மின்சாரம் போனால் வேலை அங்கே போகும். வெள்ளிக்கிழமை கரடிப்போக்கில் மூன்று மணி நேரம் மின்தடை. நாங்கள் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். 2.5 வெளியீட்டின் சோதனைகள் வவுனியாவில் ஒவ்வொன்றாகப் பச்சையாகின, முதலில் 'முப்பது கிலோ'.